பட்டறையே பள்ளி: சென்னை வட்டாரத்தில் நுண்மரவேலைக் கல்வி

அறைகலன் தச்சு மரவேலையில் தனித்துறை. உத்தரமும் நிலையும் செய்யும் மனைத்தச்சர், தேரும் வாகனமும் செதுக்கும் மரச்சிற்பி, நாற்காலியும் அலமாரியும் செய்யும் அறைகலன் தச்சர் ஆகிய மூவர் கையிலும் இருப்பவை உளியும் இழைப்புளியும்தான். வேலையின் கணக்குதான் வேறு. நிலைச்சட்டத்தில் ஒரு நூல் பிசகினால் சுவர்ப்பூச்சு அதை மூடிவிடும். இழுப்பறையில் அதே ஒரு நூல் பிசகினால் ஐப்பசி மழையில் அது திறக்காது. இந்த நுட்பத்தைக் கற்பிப்பதில் பெயர் பெற்றவர்கள் பெரும்பாலும் அறைகலன் செய்து விற்றே பிழைத்தவர்கள். காசு கொடுத்து வாங்கியவர் குறையோடு திரும்பி வருவார் என்ற பொறுப்பு அவர்களுக்கு உண்டு. அந்தப் பொறுப்பு மாணவனுக்கும் தொற்றுகிறது.

தமிழ் நிலத்தில் இக்கைத்திறனின் பழமைக்கு இலக்கியச் சான்று உண்டு. போரில் மடிந்த நாற்பது வயது யானையின் தந்தத்தைக் கொண்டு பாண்டிமாதேவிக்குச் செய்த கட்டிலை நெடுநல்வாடை விரிவாக விவரிக்கிறது. வல்லவன் ஒருவன் கூரிய உளியால் இலை வடிவங்களைக் குடைந்ததையும் அது சொல்லாமல் விடவில்லை. புகாரில் சோழனின் மண்டபத்தை எழுப்பத் தமிழ் வினைஞரோடு யவன நாட்டுத் தச்சரும் சேர்ந்து உழைத்ததாக மணிமேகலை கூறுகிறது. அயல்நாட்டுத் தொழில்முறை இங்கே வந்து கலந்தது ஆங்கிலேயர் காலத்தில் மட்டும் நடந்ததன்று என்பதற்கு இது போதும்.

இந்த அறிவு நெடுங்காலம் குடும்பத்துக்குள்ளேயே கைமாறியது. பட்டறைக்கு வரும் சிறுவன் முதலில் சீவலைப் பெருக்குவான், பிறகு உளியைத் தீட்டுவான். பல மாதங்களுக்கு அவனுக்கு வேறு வேலை கிடையாது. தீட்டத் தெரியாதவன் கையில் நல்ல மரத்தைக் கொடுப்பதில்லை. மர ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது, எத்திசையில் இழைத்தால் நார் பிய்யும் என்பதையெல்லாம் இழைப்புளி எழுப்பும் ஓசையிலிருந்தே அவன் பிடித்துக்கொள்வான். ஆழமான கல்விதான் அது. ஆனால் இரு குறைகள் அதில் இருந்தன. ஏன் இப்படிச் செய்கிறோம் என்று எடுத்துச் சொல்லும் பழக்கம் குறைவு. ஆசாரி வீட்டில் பிறக்காதவனுக்குப் பட்டறையின் கதவு பெரும்பாலும் மூடியே இருந்தது.

பிறப்பைக் கேட்காமல் கைத்தொழில் கற்பிக்கும் நிறுவனம் சென்னையில் 1850ஆம் ஆண்டு தோன்றியது. அறுவை மருத்துவரான அலெக்சாண்டர் ஹண்டர், பிராட்வேயில் தம் சொந்தச் செலவில் கலைப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இந்தியாவின் மிகப் பழைய கலைப்பள்ளியான அதுவே ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் இன்றுள்ள அரசு கவின்கலைக் கல்லூரி. ஓவியம் வரைதலோடு மட்பாண்டம், உலோக வேலை, மரவேலை ஆகியவையும் அங்கே கற்பிக்கப்பட்டன. கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஸம் 1870களின் பிற்பகுதியில் அதன் பொறுப்பில் இருந்தார். 1884இல் வந்த ஈ.பி. ஹாவெல், தென்னாட்டின் கைத்தொழில்களை ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்து, உள்ளூர்க் கைவினைஞரின் மரபிலிருந்தே கற்பிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். அவருக்குப் பின் வந்த ஆல்பிரட் சாட்டர்டனின் நாட்டம் அலுமினியப் பாத்திரத் தொழில் போன்ற புதிய உற்பத்திகளின் பக்கம் சென்றது. 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி பொறுப்பேற்றபின் பள்ளியின் புகழ் ஓவியத்தாலும் சிற்பத்தாலும் வளர்ந்தது. தமிழகம் பெற்ற அரிய ஓவியர்கள் பலரை அந்த மாற்றம் உருவாக்கியது. ஆயினும் நாற்காலி செய்வதை ஓவியத்துக்கு நிகரான கல்வியாக நடத்தும் வாய்ப்பு அத்தோடு மங்கியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கைத்தொழிற்கல்வி தமிழ்நாட்டில் அரசியல் கொந்தளிப்பாக வெடித்தது 1953இல். இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைச் சுருக்கியது. மிஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வி என்று பெயரிட்டுத் திராவிட இயக்கம் அதை எதிர்த்தது. 1954இல் முதலமைச்சரான காமராசர் அதைக் கைவிட்டார். தேனாம்பேட்டையில் அண்ணா சாலையோரம் அவர் பெயர் தாங்கி நிற்கும் அரங்கத்தைக் கடப்பவர்கள், தச்சுக் கல்வியின் வரலாற்றிலும் அவருக்கு இடம் உண்டு என்பதை எண்ணிப் பார்ப்பது அரிது. கைத்தொழில் இழிவானது என்று அந்தப் போராட்டம் சொல்லவில்லை. தச்சன் மகன் தச்சனாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தைத்தான் அது மறுத்தது. விரும்பி வரும் எவருக்கும் தச்சைக் கற்பிப்பதுதான் அந்த மறுப்புக்குப் பொருத்தமான மறுபாதி.

அப்பாதியை ஓரளவு நிறைவேற்றியவை தொழிற்பயிற்சி நிலையங்கள். 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் நாடெங்கும் அவை எழுந்தன. தேனாம்பேட்டையிலிருந்து அதே அண்ணா சாலையில் தெற்கே சென்று அடையாற்றைக் கடந்தால் வரும் கிண்டி இத்தகைய பயிற்சியின் நகர மையமாயிற்று. சாதி கேளாமல் பிள்ளைகளைச் சேர்த்தது இத்திட்டத்தின் பெருஞ்சாதனை. பயிற்சித் துண்டுகளைத் தேர்வுக்காகச் செய்வதோடு பாடம் முடிந்துவிடுவது இம்முறையின் இயல்பான எல்லை. முழு அலமாரி ஒன்றைச் செய்து, விலை சொல்லி, வாங்கியவர் வீட்டில் மூன்று கோடையும் மூன்று மழையும் அது தாங்குவதைப் பார்க்கும் வாய்ப்பு மாணவனுக்குக் கிட்டுவதில்லை.

அந்த வாய்ப்பு என்ன தரும் என்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு புதுச்சேரியில் இருக்கிறது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைக் கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தார். அவர் சார்பில் களத்தில் நின்று பணியை நடத்தியவர் ஜார்ஜ் நகஷிமா. 1905இல் அமெரிக்காவில் ஜப்பானியக் குடும்பத்தில் பிறந்து, எம்.ஐ.டி.யில் கட்டடக்கலை பயின்றவர். அன்னையும் அரவிந்தரும் இருந்த அந்த ஆசிரமத்தில் சுந்தரானந்தா என்ற பெயர் பெற்றார். சாதகர்களோடு சேர்ந்து உழைத்தார். அவர் முதன்முதலில் அறைகலன் செய்தது இங்கேதான். 1939இல் இந்தியாவை விட்டுச் சென்றார். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தபோது ஐடஹோவின் மினிடோகா முகாமில் குடும்பத்துடன் இருந்தார். ஜப்பானிய மரபில் பயின்ற கென்டாரோ ஹிகோகாவா என்ற தச்சரை அங்கே சந்தித்து, அவரிடம் கைக்கருவிகளின் நுட்பத்தைக் கற்றார். பட்டம் பெற்ற கட்டடக் கலைஞர் முகாமில் ஒரு தச்சருக்கு மாணவராக அமர்ந்தார் என்பது இத்துறையின் வரலாற்றிலேயே நெஞ்சைத் தொடும் செய்தி. பின்னர் பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் அவர் அமைத்த பட்டறை உலகப் புகழ் பெற்றது. 1964இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து, அதன் மரப்பட்டறைக்காக அறைகலன்களை வடிவமைத்தார். அவருடன் பணியாற்றிய கஜானன் உபாத்யாயா பிறகு அந்நிறுவனத்திலேயே நெடுங்காலம் கற்பித்தார். புதுச்சேரியில் தொடங்கிய ஒரு கைவழி இவ்வாறு இந்தியாவுக்கே திரும்பி வந்து சேர்ந்தது.

பிற நாடுகளிலும் இதே வகை ஆசிரியர்கள் உண்டு. டென்மார்க்கில் தொழில் பயின்ற டாகே ஃப்ரிட் 1948இல் அமெரிக்கா சென்று தலைமுறைகளுக்குக் கற்பித்தார். சுவீடனில் தொழில் கற்ற ஜேம்ஸ் கிரெனோவ் 1981இல் கலிபோர்னியாவின் ஃபோர்ட் பிராக்கில் ஒரு பள்ளியை நிறுவினார். இங்கிலாந்தில் எட்வர்ட் பார்ன்ஸ்லி 1920களில் எடுத்து நடத்திய பட்டறை, விற்பனைக்கு அறைகலன் செய்தபடியே இன்றும் பயிலுநர்களை உருவாக்குகிறது.

இத்தகையோர் கற்பிப்பவற்றில் தலையாயது மரத்தின் அசைவு. வெட்டிய பின்னும் மரம் காற்றின் ஈரத்தை ஏற்று விரியும், விட்டுச் சுருங்கும். பச்சைத் தேக்கு முற்றிலும் உலரும்போது ஆரப்போக்கில் ஏறத்தாழ 2.5 விழுக்காடும், ஆண்டு வளையங்களின் போக்கில் 5 விழுக்காட்டுக்குச் சற்று மேலும் சுருங்குகிறது. நீளவாட்டில் சுருக்கம் மிகச் சொற்பம். நல்ல அலமாரிக் கதவில் நடுப்பலகையைப் பசையிட்டு ஒட்டாமல், சட்டத்தின் காடியில் தளர்வாக நிறுத்துவது இதனால்தான். மேசைப் பலகையைக் கால்சட்டத்தோடு திருகாணியால் இறுக்கிவிட்டால் சில பருவங்களில் அது பிளக்கும்; நகர இடம் தரும் மரக்கட்டைகளால் பிடிக்க வேண்டும். கடலோரச் சென்னையில் இப்பாடம் இரட்டிப்பு முக்கியம். ஈரக்காற்றில் வாழும் மரச்சாமான் குளிர்சாதன அறைக்குள் புகும்போது சில வாரங்களிலேயே வறண்டு போகிறது.

அடுத்தது இணைப்பு. கழுந்தைச் சீவித் துளையில் செருகுவது கால்சட்டங்களுக்கு. இழுப்பறை மூலைகளுக்குப் புறாவால் இணைப்பு; பட்டறைகளில் இதை டவ்டெயில் என்பார்கள். மென்மரத்தில் அதன் சாய்வு ஆறுக்கு ஒன்று, வன்மரத்தில் எட்டுக்கு ஒன்று என்பது வழக்கம். கோட்டின் மேல் அறுப்பதா, கோட்டை விட்டு அறுப்பதா என்பதைச் செய்து காட்டாமல் எந்தப் புத்தகத்தாலும் விளங்கவைக்க முடியாது.

இன்றைய சென்னை அடுக்ககங்களில் ஒப்பந்த வேலையாக, ஒட்டுப்பலகையை அறுத்து மேற்பூச்சுத் தாள் ஒட்டுவதே பெருவழக்கு. வேகமும் விலையும் அதற்குச் சாதகம். நுண்தச்சைப் பயில விரும்புவோர் பெங்களூரிலுள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் உயர்நிலை மரவேலைப் பயிற்சி மையத்துக்கும், நகரங்களில் தனிப்பட்டறைகள் நடத்தும் வார இறுதி வகுப்புகளுக்கும் செல்கிறார்கள். மென்பொருள் துறையினரும் பெண்களும் அங்கே இழைப்புளி பிடிப்பது வரவேற்கத்தக்க மாற்றம். பரம்பரை ஆசாரிகளை இவ்வகுப்புகளின் ஆசிரியர்களாக, உரிய ஊதியத்தோடு அமர்த்துவது இன்னும் பரவலாகவில்லை. பழைய பட்டறை அறிவையும் புதிய மாணவர்களையும் சேர்த்துவைக்க அதைவிட எளிய வழி இல்லை.

பயிற்சிக்கான மரமும் ஒரு கேள்வி. தேக்கு விலை மிகுந்தது. தோதகத்தியோ 1994ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தால் பட்டா நிலத்திலும் பல ஆண்டுகள் காக்கப்பட்டுவந்த மரம். வேம்பு, பூவரசு, வாகை ஆகியவை தொடக்க மாணவருக்குப் போதுமானவை. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான சாலை மரங்களைச் சாய்த்தது. அவ்வாறு விழும் மரங்களுள் ஒன்றான தூங்குமூஞ்சியை இந்தோனேசியாவிலும் ஹவாயிலும் விலையுயர்ந்த மேசைப் பலகைகளாகவும் கிண்ணங்களாகவும் ஆக்குகிறார்கள். அதைப் பலகையாக அறுத்து, முனைகளில் மெழுகு பூசி, இடையிடையே குச்சி வைத்து நிழலில் அடுக்க வேண்டும். அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது உலர்த்தலில் பழைய கணக்கு. சென்னை வெப்பத்தில் அதற்கு முன்பே அது பட்டறைக்குத் தயாராகிவிடக்கூடும்.