வேடமேற்ற விமானங்கள்: லிண்ட்பெர்க் திரைப்படமும் அசல் குறித்த சிக்கலும்

திரைப்படத்தில் பறந்த பழைய விமானங்களைப் பறத்தல் வரலாறு பெரும்பாலும் அரங்கப் பொருள்களின் கணக்கில் சேர்த்துவிடுகிறது. சாதனை படைத்த விமானம் அசல், அதன் இடத்தில் நடித்தது நகல் என்ற பாகுபாடு வசதியானதுதான். ஆனால் பில்லி வைல்டர் இயக்கி 1957இல் வெளியான ‘தி ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்’ படத்தில் இப்பாகுபாடு நிற்பதில்லை. அப்படத்துக்காக உருமாற்றப்பட்ட மூன்று விமானங்களும் தம்மளவில் வரலாற்றுச் சான்றுகள் என்பதும், மாற்றத்துக்கு முந்தைய அவற்றின் வாழ்வையும் நாம் ஆவணப்படுத்த வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

அப்படம் சொல்வது இந்தச் சாதனையை: சார்லஸ் லிண்ட்பெர்க் 1927 மே 20ஆம் நாள் நியூயார்க்கின் ரூஸ்வெல்ட் ஃபீல்டிலிருந்து தனியாகக் கிளம்பி, ஏறத்தாழ 33½ மணி நேரத்தில் 5,800 கிலோமீட்டர் கடந்து பாரிஸின் லெ பூர்ஜே திடலில் இறங்கினார். சான் டியாகோவின் ரையன் நிறுவனம் அவருக்காக அமைத்த ஒற்றை எஞ்சின் விமானம் மறு ஆண்டே ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பொறுப்புக்குச் சென்றுவிட்டது. அதைப் படப்பிடிப்புக்கு எடுக்க வழியில்லை. எனவே ரையன் நிறுவனம் அந்தப் பறப்பின் புகழையொட்டி விற்பனைக்குக் கொண்டுவந்த பி-1 பிரௌம் வகையில் மூன்றைப் படக்குழு தேடிப் பிடித்தது.

லிண்ட்பெர்க்கின் விமானமும் பிரௌமும் ஒரே பட்டறையில் பிறந்தவை; ஒரே குடும்ப எஞ்சின், ஒரே வகைக் கட்டுமானம்: எஃகுக் குழாய்ச் சட்டம், மர இறக்கை, மேலே துணி. ஆனால் நோக்கம் வேறு. பிரௌம், விமானியோடு நான்கு பயணிகளை ஏற்றும் வணிக விமானம். லிண்ட்பெர்க்கின் விமானமோ பறக்கும் எரிபொருள் கலன் என்றே சொல்லத்தக்கது. முதன்மைக் கலன் எஞ்சினுக்கும் விமானிக்கும் நடுவில் இருந்தது. கலன் பின்னால் இருந்தால் விபத்தில் இரண்டுக்கும் இடையே நசுங்க நேரும் என்பதால் விமானியே பின்னுக்குப் போனார். நேர் முன்னே பார்க்கும் கண்ணாடியை அதற்கு விலையாகக் கொடுத்தார். அந்தத் தோற்றம் வர வேண்டுமானால் பிரௌமின் முன்கண்ணாடியும் பயணிகள் சன்னல்களும் மறைந்தாக வேண்டும். ஒரு வரலாற்றை மீட்கும் முயற்சியில் இன்னொரு வரலாறு மூடப்பட்டது என்பதை ஆய்வாளர் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

திரையில் இவ்விமானங்கள் எதற்குச் சான்று? சுமைக்கு அல்ல. அசல் விமானம் 450 கேலன் பெட்ரோலோடு, மொத்தம் சுமார் 2,380 கிலோ எடையில், 223 குதிரைத்திறனை மட்டும் நம்பிச் சேற்று நிலத்திலிருந்து எழும்பியது. எடையில் பாதிக்கு மேல் எரிபொருள். படப்பிடிப்புக்கு அவ்வளவு எரிபொருள் தேவையே இல்லை. ஆகவே அசல் விமானம் எழும்பும்போது தொலைபேசிக் கம்பிகளை மயிரிழையில் தாண்டிய பதற்றத்தைப் படத்தொகுப்பும் ஒலியும்தான் உருவாக்க வேண்டியிருந்தது. மாறாக, துணி போர்த்திய இறக்கை காற்றில் நடந்துகொள்ளும் விதத்துக்கும், தரையில் அத்தகைய விமானம் உருளும் தடுமாற்றத்துக்கும் அவை நேர்ச் சான்றுகள். அரங்கில் செய்த மாதிரியுரு இதைத் தராது.

வயதும் கவனிக்கத்தக்கது. இருபத்தைந்து வயது லிண்ட்பெர்க்காக நடித்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட் அப்போது நாற்பதுகளின் பிற்பகுதியில் இருந்தார். இது அன்றே விமர்சனத்துக்கு உள்ளானது. முதல் பறப்புக்குப் பின் 22 நாள்களே ஆகியிருந்த ஒரு விமானமாக, முப்பது வயதை நெருங்கிய பிரௌம்கள் நடித்தன என்பதை எவரும் குறையாகச் சொல்லவில்லை. மனித உடலில் தெரியும் காலத்தை, சாயம் பூசிய இயந்திரத்தில் நம் கண் தேடுவதில்லை. அருங்காட்சியகத்திலும் இதே பார்வைப் பழக்கம் தொடர்வதே சிக்கல்.

படம் இல்லாவிட்டால் இவை மட்கிப் போயிருக்கும் என்பது எதிர்வாதம். அதில் உண்மை உண்டு. இருநூறுக்கு மேல் கட்டப்பட்ட பிரௌம்களில் எஞ்சியவை மிகச் சில. படம் வசூலில் தோற்றது. ஆனால் அதன் மூன்று விமானங்களும் டியர்போர்னின் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம், செயின்ட் லூயிஸின் மிசௌரி வரலாற்று அருங்காட்சியகம், லாங் ஐலண்டின் கிரேடில் ஆஃப் ஏவியேஷன் அருங்காட்சியகம் ஆகியவற்றில் பிழைத்திருக்கின்றன. எனினும் பிழைக்கவைத்த வேடத்தையே பொருளின் முழு அடையாளமாக ஏற்க வேண்டியதில்லை. லிண்ட்பெர்க்கின் பெயரால் காப்பாற்றப்பட்டது 1920களின் சாதாரணப் பயணிகள் விமானம் என்பதே இங்குள்ள பெரிய செய்தி. சாதனை விமானங்களை நாடுகள் பத்திரப்படுத்துகின்றன. அன்றாடம் ஆளையும் அஞ்சலையும் சுமந்தவற்றுக்கு அந்தக் காவல் கிடைப்பதில்லை.

ஆகவே இத்தகைய விமானத்துக்கான விளக்கப் பலகை, அது கட்டப்பட்ட ஆண்டையும் செய்த தொழிலையும் முதலில் சொல்ல வேண்டும். படத்துக்காக எந்தப் பகுதி மாற்றப்பட்டது, எது பழையபடி இருக்கிறது என்பதை அடுத்துப் பிரித்துக் காட்ட வேண்டும். லிண்ட்பெர்க்கின் பெயர் அதற்குப் பின் வரலாம். பழைய நிலைக்கு மீட்கிறோம் என்று திரைப்பட மாற்றங்களை அகற்றுவதும் தவறே. 1927இன் சாதனையை 1950கள் எப்படி நினைவுகொண்டன என்பதற்கு அந்த மாற்றங்களே கைப்படும் சான்று.