இணையவழிச் சமூகப் பரிந்துரை

தனிமை, கடன் தொல்லை, வேலையிழப்பு, துணையை இழந்த துயரம் போன்றவற்றால் நலிந்து மருத்துவரிடம் வருபவரை மாத்திரையோடு அனுப்பிவிடாமல், அவர் ஊரிலேயே இயங்கும் பாட்டுக் குழு, தோட்டக் குழு, நடைக் குழு, கடன் ஆலோசனை மையம் ஆகியவற்றில் சேர்த்துவிடும் முறைக்குச் சமூகப் பரிந்துரை என்று பெயர். கணினிப் பதிவு, இணையக் கையேடு, செயலி, காணொளிச் சந்திப்பு ஆகியவற்றின் துணையோடு இதைச் செய்வது இணையவழிச் சமூகப் பரிந்துரை. இதை அரசு மருத்துவச் சேவையின் அங்கமாகவே பெரிய அளவில் நடத்திவரும் நாடு இங்கிலாந்து.

சமூகப் பரிந்துரையின் வேர் பழையது. தெற்கு லண்டனின் பெக்கம் பகுதியில் 1926இல் தொடங்கிய முன்னோடி நல மையத்தில், குடும்பங்கள் வாரச் சந்தா கட்டி உடற்பரிசோதனையும் நீச்சலும் விளையாட்டும் ஒரே கூரையின்கீழ் பெற்றன. அது 1950இல் மூடப்பட்டது. கிழக்கு லண்டனில் 1984இல் உருவான பிராம்லி பை போ மையம் அந்த எண்ணத்துக்கு மறுபடி உருக்கொடுத்தது. 2019 ஜனவரியில் வெளியான இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையின் நீண்டகாலத் திட்டம், 2020-21 முடிவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இணைப்புப் பணியாளர்களை அமர்த்தவும், 2023-24க்குள் 9 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இவ்வசதி எட்டவும் இலக்கு வைத்தது.

இணைப்புப் பணியாளரே இம்முறையின் மையம். பொது மருத்துவருக்கு ஒரு நோயாளியோடு பேசக் கிடைப்பது சுமார் பத்து நிமிடம். இணைப்புப் பணியாளரோ முதல் சந்திப்புக்கே ஒரு மணி நேரம்வரை ஒதுக்க முடியும். உடம்புக்கு என்ன என்பதைத் தாண்டி, உங்களுக்கு எது முக்கியம் என்று கேட்டு, அதற்கேற்ற இடத்தைத் தேடுவது அவர் வேலை. தேவைப்பட்டால் முதல் நாள் கூடவே போவதும் உண்டு.

இணையத்தின் பங்கு பல இடங்களில் வருகிறது. மருத்துவர் தம் கணினியில் உள்ள நோயாளியின் பதிவிலிருந்தே பரிந்துரையை அனுப்புகிறார். பரிந்துரை முன்வைக்கப்பட்டதா, அனுப்பப்பட்டதா, நோயாளி மறுத்தாரா என்பதற்குத் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. நலம் கூடியதா என்பதை அளக்க, வாழ்க்கையில் நிறைவு, செய்வதில் பொருள், நேற்றைய மகிழ்ச்சி, நேற்றைய பதற்றம் ஆகிய நான்கையும் 0 முதல் 10 வரை மதிப்பிடச் சொல்லும் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் கேள்விகள் பரவலாகப் பயன்படுகின்றன.

எல்லாவற்றிலும் கடினமான பகுதி, எளிதாகத் தோன்றும் இணையக் கையேடுதான். ஓர் ஊரின் குழுக்களையெல்லாம் ஒருமுறை பட்டியலிட்டுவிடலாம். ஆனால் செவ்வாய்க்கிழமை கூடிய பின்னல் குழு வியாழனுக்கு மாறும். நடத்தியவர் ஊர் மாறிப் போவார். கூடத்தின் வாடகை ஏறும். பல நாள் தயங்கி, ஒருவழியாகத் துணிந்து, பேருந்து பிடித்துப் போன முதியவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால், அடுத்த முறை வீட்டைவிட்டுக் கிளம்புவது அரிது. தொலைபேசியில் கூப்பிட்டு விசாரித்துத் தகவலைப் புதுப்பிக்கும் ஆளுக்குச் சம்பளம் ஒதுக்காத கையேடு, எவ்வளவு அழகாக வடிவமைக்கப்பட்டிருந்தாலும், தீங்கே செய்யும். ஒரே தகவலைப் பல அமைப்புகள் தனித்தனியே திரட்டி வீணாகாமல் பகிர்ந்துகொள்வதற்காக ஓப்பன் ரெஃபரல் யூகே என்ற பொதுத் தரவுத் தரம் உருவாக்கப்பட்டுள்ளது.

சாமர்செட் மாவட்டத்தில் ஏறத்தாழ 28,000 பேர் வாழும் ஃப்ரோம் நகரம் கையேட்டை ஊரோடு சேர்ந்து நடத்துவதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே 2013இல் மருத்துவர் ஹெலன் கிங்ஸ்டன் முன்னின்று தொடங்கிய திட்டத்தில், உள்ளூர்க் குழுக்களைத் தேடிக் கண்டு இணையக் கையேடாகத் தொகுத்தார்கள். இல்லாத குழுக்களை மக்களோடு சேர்ந்து உருவாக்கினார்கள். கையேட்டை மருத்துவமனைக்குள் முடக்காமல், சமூக இணைப்பாளர்களாகப் பயிற்சி பெற்ற ஊர்க்காரர்களின் கையிலும் கொடுத்தார்கள். முடி திருத்துபவரும் டாக்சி ஓட்டுநரும் வழிகாட்டக்கூடிய ஏற்பாடு அது. 2018இல் பிரிட்டிஷ் பொது மருத்துவ இதழில் வெளியான ஆய்வின்படி, 2013 ஏப்ரல் முதல் 2017 டிசம்பர் வரை ஃப்ரோமில் திட்டமிடாத மருத்துவமனைச் சேர்க்கை 14 விழுக்காடு குறைந்தது. சாமர்செட்டில் அது 28.5 விழுக்காடு உயர்ந்தது. அதே காலத்தில் நோயாளிகளை இனங்கண்டு பராமரிப்புத் திட்டம் வகுக்கும் மருத்துவ முறைகளும் மாற்றப்பட்டன. ஆகவே முழுப் பயனையும் சமூகப் பரிந்துரையின் கணக்கில் மட்டும் எழுத முடியாது.

2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது நேர்முகக் கூடல்கள் நின்றன. பாட்டும் உடற்பயிற்சியும் அரட்டையும் காணொளிக்கு மாறின. அந்த மார்ச்சில் தேசிய சுகாதாரச் சேவை தொண்டர்களை அழைத்தபோது சில நாட்களில் ஏழரை லட்சம் பேர் பதிவு செய்தார்கள். மருந்து வாங்கித் தருதல், தொலைபேசியில் பேசுதல் போன்ற வேலைகள் குட்சாம் என்ற செயலி வழியே பகிரப்பட்டன. வீட்டைவிட்டு வெளியேற இயலாத மாற்றுத்திறனாளிகள் பலருக்கு முன்பு எட்டாத குழுக்கள் அப்போதுதான் எட்டின. ஊரடங்கு முடிந்ததும் அவர்களுக்கான வழியை அடைப்பது அநியாயம். இணையமும் நேர்முகமும் கலந்த கூடல்கள் தொடர வேண்டியதற்கு இதுவே போதிய காரணம்.

மறுபுறம், இணையம் கைவராதவர்கள் பெரும்பாலும் இந்த உதவி மிகத் தேவைப்படுபவர்களே: முதியோர், வறியோர், மொழி தெரியாதோர். பிரிட்டனின் குட் திங்ஸ் அறக்கட்டளை 2021இல் தொடங்கிய தேசியத் தரவு வங்கி, இணையக் கட்டணம் கட்ட இயலாதோருக்கு இலவச சிம் அட்டையும் டேட்டாவும் தருகிறது. சிங்கப்பூரின் சிங்ஹெல்த் சமூக மருத்துவமனைகளில் நல ஒருங்கிணைப்பாளர்கள் நோயாளிகளுக்குத் திறன்பேசியைக் கையாளக் கற்றுக்கொடுப்பதையே பரிந்துரையின் ஒரு பகுதியாக்கியுள்ளார்கள்.

ஆதாரத்தின் தரம் குறித்த ஐயம் நியாயமானது. பிஎம்ஜே ஓப்பன் இதழில் 2017இல் வெளியான மீளாய்வு 15 மதிப்பீடுகளை ஆராய்ந்து, பெரும்பாலானவை சிறியவை, வடிவமைப்பில் குறையுடையவை என்றது. இக்குறையைக் களைய இணையம் உதவக்கூடும்: பரிந்துரை பெற்றவர் குழுவுக்குப் போனாரா, எத்தனை வாரம் தொடர்ந்தார் என்ற தடயம் காகிதத்தில் தொலைந்துவிடும். இணையப் பதிவில் தங்கும். கூடவே, கடனும் மணமுறிவும் குடிப்பழக்கமும் பதிவான தகவல் மருத்துவமனைக்கு வெளியே உள்ள சிறு அமைப்புகளுக்கும் போவதால், யாருக்கு எவ்வளவு தெரியலாம் என்பதை நோயாளியின் ஒப்புதலே தீர்மானிக்க வேண்டும்.

பணத்தில் இன்னொரு இடைவெளி உண்டு. 2019 முதல் இணைப்புப் பணியாளரின் சம்பளத்தை இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை ஈடுசெய்கிறது. அவர் அனுப்பும் ஆட்களை ஏற்கும் பாட்டுக் குழுவுக்கும் தோட்டக் குழுவுக்கும் அந்த ஏற்பாட்டில் பங்கில்லை. அவை உள்ளாட்சி மானியத்தையும் நன்கொடையையும் நம்பியே நடக்கின்றன.