தெங்கேராவில் தமிழர் சுவடு

மலாக்காவைக் காணச் செல்லும் நம்மவர் பெரும்பாலும் செந்நிற ஒல்லாந்தர் மாளிகையையும், போர்த்துகீசியர் கோட்டையில் எஞ்சி நிற்கும் ஒற்றை வாயிலையும் கண்டு, அன்று மாலையே ஊர் திரும்பிவிடுகின்றனர். 2008இல் அந்நகர் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டபின் கூட்டம் பெருகிற்றேயன்றி, ஆற்றைக் கடந்து மேற்கே தெங்கேரா வரை நடப்போர் சிலரே. ஆளவந்தோர் எழுப்பிய கட்டடங்களைக் காண்பது தவறன்று. தன் முன்னோர் வாழ்ந்த வீதியை அறியாது தமிழன் திரும்புவதே வருந்தத்தக்கது.

தெங்கேரா என்பது அரண்வேலி எனப் பொருள்படும் போர்த்துகீசியச் சொல்லின் திரிபு. சுல்தான்கள் காலத்தில் ஆற்றுக்கப்பால் கிடந்த புறநகர்க்கு உப்பே என்று பெயர். சோழமண்டலக் கரையினின்று துணிமூட்டைகளோடு வந்த வணிகர் அங்கே குடியிருந்தனர். பருவக்காற்றை நம்பிக் கப்பல் ஓடிய காலமாதலின், காற்று மாறும்வரை அவர்கள் திங்கட்கணக்கில் தங்க நேர்ந்தது. அவருட் பலர் அவ்விடத்துப் பெண்டிரை மணந்து அங்கேயே நிலைத்தனர்.

அவ்வணிகருள் ஒருவரைப் போர்த்துகீசிய ஏடுகள் நீனா சாட்டு என்று குறிக்கின்றன. 1511இல் அல்புகர்க்கு மலாக்காவைக் கைப்பற்றியபின், அவருக்குப் பெண்டகாரா என்னும் உயர்பதவி கிடைத்தது. 1514இல் அது கம்பார் அரசருக்கு மாற்றப்படவே, அவர் மானம் பொறாது உயிர் நீத்தார் என்பது வரலாறு. அந்நியன் தரும் பதவி அவனது தேவை தீருமட்டுமே நிற்கும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஆற்றைக் கடந்ததும் பொற்கொல்லர் தெருவில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. அதனருகே 1748இல் தோன்றிய கம்போங் கிளிங் பள்ளிவாசலும், சற்றுத் தள்ளிச் சீனர் கோயிலும் உள்ளன. இன்று நாம் வசைச்சொல்லாகக் கருதும் 'கிளிங்' என்பது, பண்டு கடல் கடந்து வந்த வணிகரைக் குறித்த பெயரேயாம். மேற்கே சென்றால் தெங்கேராப் பள்ளிவாசல். சிங்கப்பூரை ஆங்கிலேயர்க்கு அளித்த சுல்தான் உசேன் 1835இல் மறைந்து அங்கேதான் அடங்கியுள்ளார்.

உள்ளே திரும்பினால் காஜா பேராங். வணிகம் நலிந்தபின் மலாக்காச் செட்டிகள் ஒதுங்கிய இடம் இது. இவர்களது பேச்சு மலாய். மகளிர் மரபுடை சாரோங்கும் கெபாயாவும். ஆயினும் மாரியம்மனுக்கு விழா எடுக்கின்றனர். போகியன்று வாழையிலை விரித்து, 'பார்ச்சு' என்னும் பெயரால் முன்னோர்க்குப் படையலிடுகின்றனர். மொழி போயிற்று, உறவின் நினைவு போகவில்லை.

இவர்களைக் கண்டு, "தமிழ் தெரியாத தமிழரா?" என்று நகைப்போர் நம்மிடையே உளர். மலாயாத் தமிழர் கதை ரப்பரோடு தொடங்கிற்று என்று எண்ணுவோரும் அவரே. மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் பயிரிட்டது 1896இல். அதற்கு ஏறக்குறைய நானூறு ஆண்டுகட்கு முன்பே உப்பேயில் தமிழர் வாழ்ந்தனர். பால்மரம் வெட்ட வந்த நம் பாட்டனும், துணி விற்க வந்த அவர் பாட்டனும் ஒரே கடலைக் கடந்தவர்களே.

தாயகத்தோடு கப்பற்போக்குவரத்து அறுந்தது, கற்பிக்கப் பள்ளியில்லை, அவர்கள் நாவினின்று தமிழ் நழுவிற்று. நமக்கோ தமிழ்ப் பள்ளியுண்டு, ஏடுண்டு. அவையிருந்தும் வீட்டில் பிள்ளையோடு தமிழ் பேசத் தயங்கும் நாம் அவர்களை நகைக்கத் தகுதியுடையோமா?

ஆதலின் அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஆற்றைக் கடந்து செல்லுங்கள். காஜா பேராங்கில் எதிர்ப்படும் முதியவரை வணங்கி, எந்த மொழியிலேனும் இரண்டு வார்த்தை பேசுங்கள். திரும்பும் வழியில், அவர் யாரென்று பிள்ளைகளுக்குத் தமிழில் எடுத்துரையுங்கள்.