பல்கலைக்கழக நிருவாகமும் ஆவணப் பேணலும்

கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் 1857இல் தோன்றின. அரசின் பழம்பதிவுகளைக் காக்கும் தனித்துறை 1891இல் கல்கத்தாவில் அமைந்தது; அதுவே இன்றைய தேசிய ஆவணக் காப்பகம். பல்கலைக்கழக அலுவலகங்களிலோ ஆவணம் பெரிதும் அன்றாட அலுவல் சார்ந்ததாகவே கருதப்படுகிறது.

தணிக்கைக்கும் வழக்கிற்கும் வேண்டப்படும் மதிப்பெண் பதிவேட்டையும் பணிப்பதிவேட்டையும் அலுவலர் கருத்துடன் காப்பர். பாடத்திட்டக் குழுவின் நடவடிக்கைக் குறிப்போ, பணி முடிந்ததும் இடத்தை அடைக்கும் பழங்கோப்பாகிவிடுகிறது. இதனை அக்கறையின்மை எனல் பொருந்தாது. கேட்கப்படுவதைக் காப்பதே அலுவலக மரபு.

1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் விதிக்குப் புறம்பான அழிப்பிற்கு 5 ஆண்டுவரை சிறைத்தண்டனைக்கு வகைசெய்தது. ஆயின் அது நடுவண் அரசு சார்ந்த அமைப்புகளுக்கே உரியது. மாநிலப் பல்கலைக்கழகங்கள் அதன் வரம்பில் இல்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பதிவுகளை வகைப்படுத்தி அட்டவணையிட்டுப் பேணுதலை இருவகைப் பல்கலைக்கழகங்களுக்கும் கடமையாக்கியது. எனினும் அச்சட்டம் இருப்பதையே பெற்றுத்தரும், அழிந்ததை மீட்டுத்தராது.

எந்நூல் பாடமாயிற்று, எது நீக்கப்பட்டது, ஏன் என்னும் வினாக்களுக்கு அக்குறிப்புகளே முதன்மைச் சான்றுகள். அவை அழியின் தமிழ்க்கல்வி வரலாறு நினைவுகளை மட்டுமே நம்பி எழுதப்படும். எனவே எழுத்தரைக் குறைகூறுவதினும், கோப்புகளைக் கழிக்கும் குழுவில் துறைசார் ஆய்வாளர் ஒருவர்க்கு இடமளித்தலே தக்கது.