மறுக்கும் உரிமை: பிரித்தானிய வேலையின்மைக் காப்பீட்டு வரலாற்றில் ஒரு கிளைக்கதை

சென்ற பருவத்தில் முதுகலை மாணவர்களுக்கு ஒப்பிலக்கியம் நடத்திக்கொண்டிருந்தபோது வால்டர் கிரீன்வுட்டின் ‘லவ் ஆன் தி டோல்’ (1933) என்னும் ஆங்கில நாவலைப் பற்றிப் பேச நேர்ந்தது. மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டு நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் நிகழும் கதை. ஹாரி என்னும் இளைஞன் இயந்திரத் தொழிற்சாலையில் ஏழாண்டுகள் பயிற்சித் தொழிலாளியாக உழைக்கிறான். முழுச் சம்பளம் பெறும் வயது வந்ததும் வெளியே அனுப்பப்படுகிறான். அதன்பின் அவன் நம்பியிருப்பது ‘டோல்’ எனப்பட்ட வேலையின்மை உதவித்தொகையை. குடும்பத்தில் பிறருக்கு வருமானம் இருப்பதைக் காட்டி அதுவும் நிறுத்தப்படுகிறது.

கதையைச் சொல்லி முடித்ததும் ஒரு மாணவர் எழுந்தார். “ஐயா, வேலை கிடைக்காதவனுக்கு அரசாங்கம் பணம் கொடுப்பது நியாயம்தான். ஒரு வேலையைக் காட்டியும் வேண்டாம் என்று சொல்கிறவனுக்கு எதற்காகக் கொடுக்க வேண்டும்?” வகுப்பில் பாதிப் பேர் தலையசைத்தனர். மணி அடித்துவிட்டது. அன்று நான் சொல்லாமல் விட்ட மறுமொழியே இக்கட்டுரை.

இந்தக் கேள்வி பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்து அதற்கு மிக எளிய விடை ஒன்றை வைத்திருந்தது. 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத் திருத்தத்தின் நோக்கப்படி, உடலில் வலுவுள்ள ஏழை உதவி கேட்டு வந்தால் அவனுக்குக் காட்டப்பட வேண்டிய இடம் ஒன்றே: உழைப்பில்லம். அங்கே கணவனும் மனைவியும் பிள்ளைகளும் தனித்தனியே பிரிக்கப்பட்டனர். உள்ளே இருப்பவனின் நிலை, வெளியே மிகக் குறைந்த கூலிக்கு உழைப்பவனின் நிலையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும் என்பதே சட்டத்தின் கொள்கை. அழைப்பை ஏற்காதவனுக்கு உண்மையான தேவை இல்லை என்று பொருள் கொள்ளப்பட்டது. அதாவது, மறுப்பே அவனுக்கு எதிரான சான்று.

இந்தச் சிந்தனையில் உடைப்பு ஏற்பட்டது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். வில்லியம் பெவரிட்ஜ் 1909இல் வெளியிட்ட நூல், வேலையின்மை என்பது தொழில்துறையின் சிக்கல் என்று தலைப்பிலேயே அறிவித்தது. தனிமனிதனின் சோம்பலில் காரணம் தேடிய காலம் முடிந்து, கப்பல் கட்டும் துறையிலும் கட்டுமானத்திலும் ஏற்ற இறக்கங்கள் ஏன் நிகழ்கின்றன என்று கேட்கும் காலம் தொடங்கியது. 1910 பிப்ரவரியில் அரசு வேலைவாய்ப்பு அலுவலகங்கள் திறக்கப்பட்டன. அடுத்த ஆண்டே தேசியக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. அதன் இரண்டாம் பகுதி, கட்டுமானம், கப்பல் கட்டுதல், இயந்திரத் தொழில் போன்ற சில துறைகளைச் சேர்ந்த ஏறத்தாழ 22 லட்சம் தொழிலாளர்களுக்கு வேலையின்மைக் காப்பீடு வழங்கியது. தொழிலாளி வாரம் இரண்டரை பென்ஸ் செலுத்தினார். முதலாளியும் அதே அளவு செலுத்த, அரசு தன் பங்கைச் சேர்த்தது. வேலை போனால் வாரம் 7 ஷில்லிங் வீதம் ஓராண்டில் அதிகபட்சம் 15 வாரங்கள் கிடைக்கும்.

தொகை சிறியது. ஆயினும் அச்சட்டத்தில் இருந்த ஒரு பிரிவு நம் மாணவரின் கேள்விக்கு நேரடியாக விடை சொல்கிறது. உதவி கேட்பவர் “தகுந்த வேலை” கிடைக்காதவராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்த சட்டம், எந்த வேலைகளை மறுத்தால் குற்றமில்லை என்பதையும் அங்கேயே வரையறுத்தது.

முதலாவது, வேலைநிறுத்தத்தாலோ கதவடைப்பாலோ காலியான இடம். தமிழில் ‘கருங்காலி’ என்றொரு சொல் உண்டு. போராடும் தோழர்களின் இடத்தில் போய் அமர்பவனுக்குத் தொழிற்சங்க மேடைகள் சூட்டிய பெயர். ஒருவனைக் கருங்காலியாகும்படி அரசு கட்டாயப்படுத்தக்கூடாது என்பதே இவ்விதியின் சாரம். இரண்டாவது, அவர் வழக்கமாக வேலை செய்த வட்டாரத்தில், அவர் வழக்கமாகப் பெற்ற கூலியைவிடக் குறைந்த கூலிக்கோ தாழ்ந்த நிபந்தனைகளிலோ தரப்படும் வேலை. மூன்றாவது, வேறு வட்டாரத்தில் அவ்வூருக்குரிய பொது நிலைக்குக் கீழான கூலியில் தரப்படும் வேலை.

இவற்றில் இரண்டாவதைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, வாரம் 40 ஷில்லிங் வாங்கிய பொருத்துநர் ஒருவர் வேலை இழக்கிறார் என்று கொள்வோம். பட்டினி முற்றியதும் 30 ஷில்லிங்கிற்கும் அவர் இசைவார். அப்போது அவருடைய கூலி மட்டுமா குறைகிறது? அதே பட்டறையில் இன்னும் 40 வாங்கிக்கொண்டிருப்பவரிடம் முதலாளி என்ன சொல்வார்? வேலையற்றவரின் மறுப்பு, வேலையில் இருப்பவரின் கூலிக்குக் கீழே போடப்பட்ட தரை. அந்தத் தரையைப் பெயர்த்தால் விழுபவர் எல்லாருமே. உதவித்தொகை என்பது வயிற்றுக்கு மட்டுமன்று, ‘இல்லை’ என்று சொல்வதற்கும் சில வாரங்கள் அவகாசம் வாங்கித் தந்தது.

வாசகர்கள் இதைச் சோம்பேறிகளுக்கான சலுகை என்று எண்ண வேண்டியதில்லை. தானாக வேலையை விட்டவருக்கும் தீய நடத்தையால் நீக்கப்பட்டவருக்கும் ஆறு வாரங்கள் தொகை கிடையாது. தகராறு எழுந்தால், ஒரு தலைவரும் முதலாளிகள் தரப்பில் ஒருவரும் தொழிலாளர் தரப்பில் ஒருவரும் அடங்கிய நடுவர் மன்றம் விசாரித்தது. இத்திட்டத்தை வகுத்த காலத்தில் அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில், ஒழுக்கத்தையும் கணிதத்தையும் ஒன்றாகக் கலப்பதில் தமக்கு விருப்பமில்லை என்ற பொருளில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். சந்தா செலுத்தியவருக்கு உரிமை உண்டு, அவருடைய குணத்தை எடைபோடுவது காப்பீட்டின் வேலையன்று என்பது அதன் கருத்து.

ஆனால் குணத்தை எடைபோடும் ஆசை அவ்வளவு எளிதில் ஒழியவில்லை. அது முதலில் பெண்கள் மீது திரும்பியது.

1918 நவம்பரில் முதல் உலகப்போர் முடிந்தது. ஆயுதத் தொழிற்சாலைகளில் பணியாற்றிய பல லட்சம் பெண்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கும் வேலையிழந்த ஆண்களுக்கும் படைவீரர்களுக்கும் தற்காலிக உதவித்தொகை ஒன்றை அரசு அறிவித்தது. சில வாரங்களிலேயே நாளேடுகளில் முணுமுணுப்பு எழுந்தது. நடுத்தர, உயர்குடி வீடுகளில் பணிப்பெண்கள் கிடைக்கவில்லை. இவர்களோ அரசுப் பணத்தில் உட்கார்ந்து தின்கிறார்கள்! வேலைவாய்ப்பு அலுவலகங்கள் அப்பெண்களுக்கு வீட்டுவேலையைக் காட்டின. மறுத்தவர்களின் தொகை நிறுத்தப்பட்டது.

அவர்கள் ஏன் மறுத்தனர்? எசமானியின் வீட்டிலேயே தங்க வேண்டும். வேலைநேரத்துக்கு வரம்பில்லை. கூலியோ தொழிற்சாலையில் கண்டதில் ஒரு பகுதி. மாலையில் சங்கு ஊதியதும் தன் பொழுது தனக்கே என்பதைச் சில ஆண்டுகளேனும் அறிந்த பெண், தொப்பியும் ஏப்ரனும் அணிந்து மணியோசைக்கு ஓடும் வாழ்வுக்குத் திரும்ப விரும்பவில்லை. மோசடிக் கூச்சல் வலுத்ததால் 1919இல் அபர்கான்வே பிரபு தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. பரவலான மோசடிக்குச் சான்றில்லை என்றே அக்குழு கண்டது.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. 1920ஆம் ஆண்டுச் சட்டம் காப்பீட்டை ஒரு கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு விரிவாக்கியபோது, விவசாயத்தையும் வீட்டுவேலையையும் விலக்கி வைத்தது. ஆகவே வீட்டுவேலைக்கு இசைந்த பெண் காப்பீட்டு வளையத்துக்கு வெளியே போய்விடுவாள். மறுபடி வேலை போனால் கேட்பதற்கு ஒன்றுமிராது. மறுத்தால் இன்று இழப்பு, இசைந்தால் நாளை இழப்பு.

1921இல் பொருளாதாரம் சரிந்தது. அதன்பின் இரண்டாம் உலகப்போர் வரை வேலையற்றோர் தொகை பெரும்பாலும் 10 லட்சத்தை ஒட்டியோ அதற்கு மேலோதான் இருந்தது. சந்தாக் கணக்கு தீர்ந்தவர்களுக்கும் தொகை நீட்டிக்கப்பட்டது. அதற்கு விலையாக அதே ஆண்டு ஒரு புதிய நிபந்தனை நுழைந்தது: கேட்பவர் “உண்மையாகவே வேலை தேடுகிறவர்” என்று மெய்ப்பிக்க வேண்டும். 1924இல் முதல் தொழிற்கட்சி அரசு தொகையை உயர்த்தியபோது இந்நிபந்தனையை எல்லாருக்கும் விரித்தது என்பது வரலாற்றின் கசப்பான வேடிக்கைகளுள் ஒன்று.

முன்பு அலுவலகம் ஒரு வேலையைக் காட்ட வேண்டும். அவர் மறுக்க வேண்டும். அம்மறுப்பு தகுமா என்று ஆராய வேண்டும். இப்போது காட்ட வேலையே இல்லாத ஊரிலும் தொழிலாளி குற்றவாளி ஆகலாம். நேற்று எந்தெந்த ஆலைக்குப் போனாய், முந்தாநாள் எங்கே போனாய் என்று கேள்விகள். மூடிக்கிடக்கும் வாசல்களுக்கு நடந்து, இல்லை என்ற பதிலைச் சேகரித்து வர வேண்டியிருந்தது. இறுதி மேல்முறையீட்டு அதிகாரியான அம்பயர் 1926இல் அளித்த முடிவொன்று, விண்ணப்பதாரரின் மனநிலையே கண்டறிய வேண்டிய முதன்மையான உண்மை என்றது. மனத்தை எந்தச் சான்றிதழால் மெய்ப்பிப்பது? இந்நிபந்தனையால் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்கள் ஏறத்தாழ 30 லட்சம் என்பது வரலாற்றாசிரியர் ஆலன் டீக்கனின் கணக்கு.

இதை முடிவுக்குக் கொண்டுவந்தது 1930ஆம் ஆண்டுச் சட்டம். தொழிற்சங்கத்தவரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஆர்தர் ஹேடே முன்வைத்த வாசகத்தை ஒட்டி, மெய்ப்பிக்கும் சுமை தொழிலாளியின் தோளிலிருந்து அலுவலகத்தின் தோளுக்கு மாறியது. தகுந்த வேலை ஒன்று இருந்தது, அது இவருக்குத் தெரியும், தக்க காரணமின்றி மறுத்தார் என்று காட்டினால்தான் தொகையை நிறுத்தலாம். எனினும் மூச்சு விடுவதற்குள் 1931இல் மணமான பெண்களின் உரிமையைச் சுருக்கும் சட்டமும், தொடர்ந்து குடும்ப வருமானச் சோதனையும் வந்தன. ஹாரியின் கதை இந்த இடத்தில் நிகழ்வது.

இருப்பினும் 1911இல் ஊன்றிய விதை கடல் கடந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1934ஆம் ஆண்டு உடன்படிக்கை, தகுதியற்ற வேலை எது என்பதற்கு ஏறத்தாழ இதே வரையறைகளைத் தந்ததோடு, தங்குமிடம் கிடைக்காத ஊரில் தரப்படும் வேலையையும் சேர்த்தது. அமெரிக்காவின் 1935ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டம் வேலைநிறுத்தத்தால் காலியான இடத்தையும் தாழ்ந்த கூலியையும் சொல்லி, தொழிற்சங்கத்தில் சேரக்கூடாது என்று நிபந்தனை விதிக்கும் வேலையையும் மறுக்கலாம் என்றது.

பிறந்த மண்ணிலேயே அப்பிரிவுக்கு என்ன நேர்ந்தது? 1989இல் மார்கரெட் தாட்சர் அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டம், தீவிரமாக வேலை தேடுவதை மீண்டும் நிபந்தனையாக்கியது. தொடக்கத்தில் அனுமதிக்கப்பட்ட சில வாரங்களுக்குப் பிறகு, கூலி குறைவு என்பது மறுப்புக்குரிய காரணமாக ஏற்கப்படாது என்றும் ஆயிற்று. 78 ஆண்டுகள் நின்ற தரை பெயர்ந்தது. 1993இல், விவசாயம் நீங்கலாகப் பிற துறைகளில் எஞ்சியிருந்த கூலி வாரியங்களும் கலைக்கப்பட்டன. தேசியக் குறைந்தபட்சக் கூலி நடைமுறைக்கு வந்தது 1999 ஏப்ரலில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் ஒருவரது கூலி எவ்வளவு தாழலாம் என்பதற்குப் பொதுவான சட்ட எல்லை இல்லை. 2022 பிப்ரவரியில், தம் வழக்கமான தொழிலிலேயே வேலை தேட அனுமதித்த காலம் மூன்று மாதங்களிலிருந்து நான்கு வாரங்களாகச் சுருக்கப்பட்டது. வேலைநிறுத்தத்தால் காலியான இடத்தை மறுக்கும் உரிமை மட்டும் இன்றும் நிற்கிறது.

அந்த மாணவருக்கு இப்போது சொல்வேன்: தம்பி, உன் கேள்வி தவறன்று. சந்தா கொடுக்கும் ஒவ்வொருவருக்கும் அதைக் கேட்கும் உரிமை உண்டு. ஆனால் அதோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக் கேள். அவர் மறுத்தது எத்தகைய வேலையை? அது தகாத வேலை என்று அவர் மெய்ப்பிக்க வேண்டுமா, தகுந்ததே என்று அரசு மெய்ப்பிக்க வேண்டுமா? இவ்விரண்டு கேள்விகளுக்கும் ஒரு நாடு தரும் விடையில்தான், ஹாரி போன்றவர்கள் அங்கே சந்தாதாரர்களாக நடத்தப்படுகிறார்களா, யாசகர்களாகவா என்பது அடங்கியிருக்கிறது.