மறக்க மறுத்த தரவுத்தளம்

போஸ்ட்கிரஸ்க்யூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளுக்கு யானை சின்னமாக வாய்த்த கதை 1997இல் தொடங்குகிறது. அதன் மடலாடற்குழுவில் சின்னத்திற்கான யோசனைகள் உலவிக்கொண்டிருந்தபோது, யானையை வைக்கலாமே என்று ஒருவர் எழுதினார். அவர் காரணமாகக் காட்டியது, யானைகளின் நினைவாற்றலைச் சுட்டும் அகதா கிறிஸ்டி நாவல் ஒன்றின் தலைப்பை. துப்பறியும் நாவல் வழியாக ஒரு யானை கணினிக்குள் புகுந்தது இலக்கிய வாசகர்களாகிய நமக்கு மகிழ்ச்சியளிக்கும் செய்திதான். ஆனால் அதே 1997இன் அக்டோபரில் வெளிவந்த 6.2ஆம் பதிப்பில், கடந்த காலத்தைத் திருப்பிச் சொல்லும் தன் ஆற்றலை அம்மென்பொருள் கைவிட்டது. உண்மையிலேயே கைவிட்டதா, வேறொன்றாக உருமாற்றிக்கொண்டதா என்பதே நாம் இங்கே பார்க்க விழைவது.

தரவுத்தளம் என்ற சொல் அந்நியமாகத் தோன்றும் வாசகர்களுக்காகச் சில வரிகள். நூலகத்தின் உறுப்பினர் பட்டியல், இரயில் முன்பதிவு, வங்கிக் கணக்கு எல்லாம் இன்று கணினிக்குள் அட்டவணைகளாகவே வாழ்கின்றன. 1960களிலோ, ஒரு தகவலைத் தேடும் நிரலாளர் அது வட்டில் எங்கே கிடக்கிறது, எந்தச் சுட்டியைப் பற்றிக்கொண்டு போனால் கிட்டும் என்பதையெல்லாம் அறிந்திருக்க வேண்டியிருந்தது. ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970 ஜூனில் வெளியிட்ட கட்டுரை அந்தச் சுமையை இறக்கி வைத்தது. தகவல்களைக் கணித உறவுகளாக, அதாவது எளிய அட்டவணைகளாகக் கொள்க. என்ன வேண்டும் என்று மட்டும் கேட்க. எப்படித் தேடுவது என்பதைக் கணினியே பார்த்துக்கொள்ளட்டும் என்பது அதன் உட்கிடை. அக்கருத்தை விற்பனைப் பொருளாக்க அவருடைய நிறுவனமே பல ஆண்டுகள் தயங்கியது.

தயங்காதவர்கள் பெர்க்லியில் இருந்தார்கள். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் 1973இல் இங்கிரஸ் என்ற பெயரில் உறவுநிலைத் தரவுத்தளம் ஒன்றை எழுதத் தொடங்கினர். தொடக்கத்தில் கிடைத்த நிதி, பொருளியல் துறையினருக்கான புவியியல் தரவுத்தளம் ஒன்றுக்கானது. எனவே பெயரின் விரிவில் வரைபடத்துக்கும் ஓர் இடம் தர வேண்டியதாயிற்று. எழுத்தளவில் அது பிரெஞ்சு ஓவியர் ஒருவரின் பெயராகவும் அமைந்தது. காந்த நாடாவில் பதியப்பட்ட அதன் மூல நிரல், பெயரளவுக் கட்டணத்துக்குப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பப்பட்டது. திறந்த மூலம் என்ற தொடர் பிறப்பதற்குக் கால் நூற்றாண்டு முன்பே இது நடந்தது என்பதை நினைவிற்கொள்ளலாம்.

இங்கிரசுக்குப் பின் என்ற பொருளில் போஸ்ட்கிரஸ் என்று பெயரிட்டு, 1986இல் ஸ்டோன்பிரேக்கர் அடுத்த திட்டத்தைத் தொடங்கினார். இத்திட்டத்தின் நோக்கங்கள் பல. அவற்றுள் நம் கவனத்தை ஈர்ப்பது ஒன்றுதான்: எழுதியதன் மேல் மறுபடி எழுதுவதில்லை என்ற முடிவு.

நம் ஊர் நடைமுறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு இதை விளக்கும். ஒரு நிலம் இன்று யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பட்டா சொல்லும். ஆனால் நிலம் வாங்கப்போகிறவர் பட்டாவோடு நிறைவடைவதில்லை. பத்திரப்பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று கேட்கிறார். முப்பது ஆண்டுகளில் அந்த நிலம் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, எப்போது அடமானம் வைக்கப்பட்டது என்ற வரலாறு அதில் வரிசையாக வந்துவிடுகிறது. அக்காலத்துத் தரவுத்தளங்களில் பெரும்பாலானவை பட்டாவை மட்டுமே அறிந்தவை. புதிய விவரம் வந்தால் பழையதன் மேலேயே எழுதிவிடும். போஸ்ட்கிரசோ, ஒவ்வோர் அட்டவணைக்கும் ஒரு வில்லங்கச் சான்றை உடன்பிறப்பாகவே வைத்திருக்க விரும்பியது. ஊழியரின் சம்பளத்தைத் திருத்தினால் பழைய நிரை அழியாது. அதன் முடிவு மட்டும் குறிக்கப்பட்டு, புதிய நிரை வேறிடத்தில் எழுதப்படும். வினாவில் அட்டவணையின் பெயரையடுத்துச் சதுர அடைப்புக்குள் ஒரு தேதியைக் கொடுத்தால், அந்த நாளில் உலகம் எப்படியிருந்ததோ அப்படியே விடை வரும். காலப்பயணம் என்றே இதற்குப் பெயர் சூட்டினார்கள். 

1987இல் வெளிவந்த சேமிப்பு முறை பற்றிய கட்டுரையில், பழைய நிரைகளையெல்லாம் ஒருமுறை மட்டுமே எழுதத்தக்க ஒளிவட்டுகளுக்கு மெல்ல மெல்லக் கொண்டுசேர்க்கும் பணியாளன் ஒருவனும் வருகிறான். அந்த நிரலுக்கு அவர்கள் இட்ட பெயர் தூசு உறிஞ்சும் கருவியின் பெயரான வாக்குவம். பழையதை எறிவது அதன் வேலையாகக் கருதப்படவில்லை, ஆவணக் காப்பகத்துக்கு எடுத்துச்செல்வதே அதன் வேலை என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னால் இந்தப் பெயர் மட்டும் நிலைத்து, பொருள் தலைகீழாகப் போயிற்று.

இந்த வடிவமைப்புக்கு வரலாற்றுப் பற்று மட்டும் காரணமன்று. மாற்றம் செய்யுமுன் அதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, கணினி இடையில் நின்றுபோனால் அக்குறிப்பேட்டைக் கொண்டு மீட்டெடுப்பதே மற்ற தரவுத்தளங்களின் வழி. அந்த மீட்பு நிரலை எழுதுவது கடினம், அதில் ஒரு பிழையும் இருத்தலாகாது. பழையது அழியாமலே இருக்குமாயின் மீட்பதற்கு என்ன இருக்கிறது? பாதி வழியில் நின்ற பரிவர்த்தனையின் நிரைகளைச் செல்லாதவை என்று கருதிவிட்டால் போதும். அழகான சிந்தனை. ஆனால் அதன் வேகம், மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம் விரைவில் மலிவாகும் என்ற எதிர்பார்ப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நினைவகம் அக்காலத்தில் வரவில்லை.

1989 ஜூனில் முதற்பதிப்பு வெளிவந்தது. பயனர்கள் பெருகப் பெருக, ஆய்வுக்கென ஒதுக்கிய நேரத்தைப் பராமரிப்பு தின்னத் தொடங்கிற்று. 4.2ஆம் பதிப்போடு பெர்க்லி இத்திட்டத்தை முடித்துக்கொண்டது. ஸ்டோன்பிரேக்கர் போஸ்ட்கிரசை இல்லஸ்ட்ரா என்ற நிறுவனமாக்கியிருந்தார். 1996இல் அது இன்ஃபார்மிக்சுக்குள்ளும், 2001இல் இன்ஃபார்மிக்சின் தரவுத்தளத் தொழில் ஐபிஎம்முக்குள்ளும் கரைந்தன. விலைபோன கிளை இவ்வாறு மறைய, பல்கலைக்கழகம் கைவிட்ட கிளையே தழைத்தது என்பதை நாம் வெறும் தற்செயலாகக் கருதவில்லை. எவரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம் என்ற பெர்க்லியின் தாராளமான உரிமம் அதற்கு வழிவிட்டது. ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரு மாணவர்கள் 1994இல் பழைய வினாமொழியை அகற்றி எஸ்க்யூஎல் மொழியைப் பொருத்தினர். 1996இல் டொராண்டோவில் மார்க் ஃபோர்னியர் ஒரு வழங்கியைத் திறந்துவைக்க, அமெரிக்காவில் புரூஸ் மோம்ஜியனும் தாமஸ் லாக்ஹார்ட்டும், சைபீரியாவின் கிராஸ்நயார்ஸ்க் நகரில் வதீம் மிக்கேயெவும் இணைந்துகொண்டார்கள். அவர்கள் கையில் இருந்தது, எழுதியவர்கள் விட்டுப்போன பல்லாயிரம் வரிகள். 

முதல் வேலை, பிழைகளைக் களைந்து நம்பகமாக்குவது. இரண்டாவது, வேகம். அப்போதுதான் காலப்பயணத்தின் மீது கத்தி விழுந்தது. ஒவ்வொரு பரிவர்த்தனையும் எந்த நேரத்தில் முடிந்தது என்பதைக் குறித்துவைக்கும் கோப்பு எல்லையின்றி வளர்ந்தது, பழைய நிரைகள் வட்டை அடைத்தன, வினாக்கள் தளர்ந்தன. கேட்பவர் சிலரே, விலை கொடுப்பவர் அனைவரும் என்ற நிலையில், தன்னார்வலர்கள் எடுத்த முடிவு சரியானதென்றே நமக்குத் தோன்றுகிறது.

ஆனால் பழையதன் மேல் எழுதாத அந்தச் சேமிப்பு முறையை அவர்கள் தொடவில்லை. ஒவ்வொரு நிரையின் தலைப்பகுதியிலும் இரண்டு எண்கள் அப்படியே இருந்தன. ஒன்று அதைப் பிறப்பித்த பரிவர்த்தனையைச் சொல்லும், மற்றது அதை முடித்துவைத்ததைச் சொல்லும். பல ஆண்டுகளுக்கு முந்தைய நிலை வேண்டாமென்றாலும், சில நொடிகளுக்கு முந்தைய நிலை எல்லோருக்கும் வேண்டியிருந்தது. 1999 ஜூனில் வந்த 6.5ஆம் பதிப்பில் மிக்கேயெவ் செய்தது இதுதான். அதுவரை ஒருவர் ஓர் அட்டவணையில் எழுதினால் அட்டவணையே பூட்டப்படும், படிக்க வந்தவர் வாசலில் நிற்பார். இனி, படிப்பவர் தாம் நுழைந்த கணத்தின் காட்சியை மட்டும் காண்பார், எழுதுபவர் பக்கத்திலேயே புதிய நிரைகளைச் சேர்த்துக்கொண்டு போவார், ஒருவர்க்கொருவர் இடையூறில்லை. பல பதிப்புகளைக் கொண்டு ஒரே நேரத்தில் பலரை இயங்கவிடும் இம்முறையே இன்றளவும் போஸ்ட்கிரஸ்க்யூஎல்லின் முதுகெலும்பு. ஸ்டோன்பிரேக்கர் தவிர்க்க நினைத்த அந்தக் குறிப்பேட்டையும் 2001இல் வந்த 7.1ஆம் பதிப்பு கொண்டுவந்து சேர்த்தது. மூலவர் வேண்டாமென்றதைச் சேர்த்தும், வேண்டுமென்றதை நீக்கியும், அவருடைய மையக் கருத்தை வாழவைத்தார்கள் பின்வந்தவர்கள்.

இதற்கான விலையை நிர்வாகிகள் நாள்தோறும் கொடுக்கிறார்கள். செத்த நிரைகளைப் பெருக்கித் தள்ளுவது இப்போது வாக்குவத்தின் பணி. 2002க்கு முன் அது ஓடும்போது அட்டவணை பூட்டப்பட்டது, 8.1ஆம் பதிப்பில், 2005இல், தானே இயங்கும் வாக்குவம் மென்பொருளின் உள்ளுறுப்பாயிற்று. எனினும் அது எதையும் கேட்காமல் பெருக்கிவிட முடியாது. வெள்ளிக்கிழமை மாலை ஒருவர் ஒரு பரிவர்த்தனையைத் திறந்து, ஒரு வினாவை இட்டு, முடிக்காமலே வீட்டுக்குப் போய்விட்டால், அவர் கண்ட காட்சிக்குத் தேவைப்படக்கூடிய நிரைகளைத் தொட அதற்கு அனுமதி இல்லை. திங்கட்கிழமை வரும்போது அட்டவணை வீங்கியிருக்கும். 2016இல் ஊபர் நிறுவனம் மைஎஸ்க்யூஎல்லுக்கு மாறியபோது எடுத்துரைத்த காரணங்களிலும், ஒரு நிரையைத் திருத்தப் பல இடங்களில் எழுத நேரும் இந்தச் சேமிப்பு முறை முக்கிய இடம் பெற்றது.

இன்னொரு கடன் நுட்பமானது. பரிவர்த்தனைகளின் எண் 32 பிட் அளவினது. சுமார் 420 கோடிக்குப் பின் எண்கள் தீர்ந்து, கடிகார முள்போல மீண்டும் தொடக்கத்துக்கு வரும். வட்டத்தில் ஓர் எண்ணுக்குப் பின்னாலுள்ள ஏறத்தாழ 210 கோடி இறந்தகாலம், முன்னாலுள்ள அதே அளவு எதிர்காலம். மிகப் பழைய நிரை ஒன்றை அப்படியே விட்டுவைத்தால், ஒருநாள் அது எதிர்காலத்தில் எழுதப்பட்டதாகத் தோன்றி, கண்ணிலிருந்து மறைந்துபோகும். எனவே பழைய நிரைகளை, இவை என்றென்றும் இறந்தகாலத்தவை என்று முத்திரையிட்டு உறையச்செய்வதும் வாக்குவத்தின் கடமையாகிறது. அது பின்தங்கினால், தகவலை இழப்பதைவிட நின்றுபோவதே மேல் என்று தரவுத்தளம் புதிய எழுத்துகளை மறுத்துவிடும். 2019 பிப்ரவரியில் மாண்ட்ரில் என்னும் மின்னஞ்சல் சேவை ஒரு நாளுக்கும் மேலாகத் தடுமாறியது இவ்வாறுதான்.

நினைவின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தம்மைப் பற்றிய தகவலை அழிக்கக் கோரும் உரிமையை 2018 மே முதல் ஐரோப்பியச் சட்டம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. போஸ்ட்கிரஸ்க்யூஎல்லில் ஒரு நிரையை அழி என்று கட்டளையிட்டால் நிகழ்வது, அதன் முடிவு எண் குறிக்கப்படுவது மட்டுமே. எழுத்துகள் வட்டிலேயே கிடக்கும். வாக்குவம் வந்து அந்த இடத்தைக் காலியென்று அறிவிக்கும்; காப்புநகல்களில் அவை மேலும் பல காலம் இருக்கும். அழித்துவிட்டோம் என்று ஒருவருக்குக் கடிதம் எழுதும் அதிகாரிக்கு இது தெரிந்திருக்கிறதா என்பது, தொழில்நுட்பத்தைத் தாண்டிய கேள்வி.

காலப்பயணத்தின் நிழலாக, அட்டவணைக்கு அட்டவணை பொருத்திக்கொள்ளத்தக்க சிறு துணைநிரல் ஒன்று அதே பெயரில் நெடுங்காலம் உடன்வந்துகொண்டிருந்தது. அது சார்ந்திருந்த பழைய கால வகைகள் நீக்கப்பட்டபோது, 2019இல் வந்த 12ஆம் பதிப்போடு அதுவும் விடைபெற்றது. இதற்கிடையே 2011ஆம் ஆண்டின் எஸ்க்யூஎல் தரநிலை, அட்டவணை தன் வரலாற்றைத் தானே வைத்திருக்கும் முறையை ஏற்றுக்கொண்டது. வேறு சில தரவுத்தளங்கள் அதைச் செயல்படுத்தியும் விட்டன. 2025இல் வெளிவந்த போஸ்ட்கிரஸ்க்யூஎல் 18, ஒரே அறைக்கு ஒரே நாளில் இரண்டு முன்பதிவுகள் விழாதபடி காலவரம்புகளைக் காக்கக் கற்றுக்கொண்டது. ஆனால் அந்தக் காலவரம்பு நாம் எழுதித் தருவது. தரவுத்தளம் தானாக நினைவில் வைத்திருப்பதன்று. சென்ற ஆண்டு இதே நாளில் இந்த அட்டவணை எப்படியிருந்தது என்று கேட்க விரும்பும் நிர்வாகி, மாற்றந்தோறும் பழைய நிரையைத் தனி அட்டவணையில் படியெடுத்து வைக்கும் டிரிக்கரைத் தாமே எழுதிக்கொள்கிறார்.