செஞ்சிக் கோட்டை: வரலாறும் மலையேற்றமும்

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையை ஒட்டி, மூன்று பாறைக்குன்றுகளையும் அவற்றுக்கு இடைப்பட்ட சமவெளியையும் ஒரே மதிலால் வளைத்துக் கட்டப்பட்டது செஞ்சிக் கோட்டை. மேற்கே இராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தெற்கே சந்திரகிரி. மூன்றையும் இணைக்கும் மதிலின் நீளம் ஏறத்தாழ 13 கி.மீ. கீழ்க்கோட்டை மதில் சுமார் 20 மீட்டர் கனமும், அதன் வெளிப்புற அகழி சுமார் 24 மீட்டர் அகலமும் உடையவை. ஒவ்வொரு குன்றும் தனக்கென மதிலும் வாயிலும் நீர்நிலையும் களஞ்சியமும் கொண்ட தனிக்கோட்டையாகவே அமைந்திருப்பதால், ஒன்று வீழ்ந்தாலும் மற்றவை தாக்குப்பிடிக்க முடிந்தது.

பெரும் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று உருண்டு நிற்கும் இக்குன்றுகளின் இயல்பே கட்டட வேலையில் பாதியைச் செய்துவிட்டது. செங்குத்தான பாறை இருக்கும் இடத்தில் மதில் எழுப்பப்படவில்லை. இரு பாறைகளுக்கு நடுவே மனிதன் நுழையக்கூடிய சந்து இருந்த இடத்தில் மட்டும் கல்லடுக்கி அடைத்திருக்கிறார்கள். இராஜகிரியின் சரிவைச் சற்றுக் கூர்ந்து பார்த்தால், பாறை முடியும் விளிம்பிலிருந்து சுவர் தொடங்கி அடுத்த பாறையில் முட்டி நிற்பதைப் பல இடங்களில் காணலாம். இன்று மலையேறுவோரை இங்கு ஈர்ப்பவை செங்குத்துப் படிகள், குறுகிய வாயில்கள், உச்சிக்குச் சற்று முன் குறுக்கிடும் பிளவு ஆகியவை. இவை யாவும் ஏறி வரும் பகைவனைக் களைப்படையச் செய்து நிறுத்துவதற்காக அமைந்தவை. ஆகவே இக்கோட்டையில் வரலாற்றையும் மலையேற்றத்தையும் பிரித்துப் பேசுவது கடினம்.

கோட்டைக்கு முன்

செஞ்சி வட்டாரத்தின் பழமை கோட்டையின் பழமையைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது. அருகிலுள்ள திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களின் உருவங்கள் பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியைச் சொல்லும் தொன்மையான கல்வெட்டும் அங்கே உள்ளது. பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரியிலும் சிங்கவரத்திலும் பல்லவர் காலக் குடைவரைகள் இருக்கின்றன. தமிழ்ச் சமணரின் மடம் இன்றும் இயங்கும் மேல்சித்தாமூரும் இவ்வட்டாரத்தைச் சேர்ந்ததே. அக்காலத்தில் இக்குன்றுகள் துறவிகளுக்கும் கோயில்களுக்கும் இடம் தந்தனவே தவிர, படைக்குப் பயன்பட்டதற்குத் தெளிவான தடயம் இல்லை.

கோட்டையின் தொடக்கத்தைக் கோனார் குலத் தலைவர்களோடு இணைப்பது வழக்கம். ஆனந்தக் கோன் என்பவர் 1200ஐ ஒட்டிய காலத்தில் இராஜகிரியை அரண் செய்தார் என்றும், அவருக்குப் பின் வந்த கிருஷ்ணக் கோன் வடக்குக் குன்றை வலுப்படுத்தித் தம் பெயரை அதற்கு இட்டார் என்றும் சொல்வர். இச்செய்திகளுக்கு முதன்மை ஆதாரம் நாராயணன் என்பவர் எழுதிய ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’. அந்நூல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது. சொல்லப்படும் நிகழ்ச்சிக்கும் சொல்பவருக்கும் இடையே 600 ஆண்டுகள். ஆகவே கோனார் கால வரலாற்றை உள்ளூர் மரபு என்ற அளவில் கொள்வதே முறை. அம்மரபை முற்றிலும் தள்ளிவிடவும் இயலாது. மேய்ச்சல் குடியினர் தம் குன்றுகளில் சிற்றரண் அமைத்து மெல்லத் தலைவர்களாவது தென்னாட்டில் அரிய நிகழ்ச்சி அன்று.

நாயக்கர்கள் கட்டிய நகரம்

14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பகுதி விசயநகர ஆட்சிக்குள் வந்தது. 16ஆம் நூற்றாண்டில் மதுரை, தஞ்சாவூரோடு செஞ்சியும் நாயக்கர் தலைநகராயிற்று. இன்று பார்வையாளர் கண்ணில் படும் கட்டடங்களில் பெரும்பாலானவை இக்காலத்தவை. இராஜகிரி அடிவாரத்து உட்கோட்டையில் சதுர முற்றத்தின் நடுவே அடுக்கடுக்காக உயர்ந்து கூம்பு முடியோடு நிற்கிறது கல்யாண மகால். கோட்டைக்கு வெளியிலிருந்த நீர்நிலையிலிருந்து சுடுமண் குழாய்கள் வழியே இதற்கு நீர் கொண்டுவரப்பட்டது. வளைகூரை வேய்ந்த நெற்களஞ்சியங்கள், குதிரை லாயங்கள், உடற்பயிற்சிக் கூடம், யானைக் குளம் எனச் சுற்றிலும் கிடப்பவற்றைப் பார்த்தால், செஞ்சி அன்று எல்லைக் காவலிடமாக மட்டும் இருக்கவில்லை, அரசும் வணிகமும் நடந்த பெருநகராக இருந்தது என்பது விளங்கும்.

அந்நகரைக் கண்ணால் கண்டு எழுதியவர் நிக்கோலாஸ் பிமெண்டா என்னும் இயேசு சபைப் பாதிரியார். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த அவர், இந்தியாவில் தாம் பார்த்த நகரங்களில் இதுவே பெரிது என்றும், போர்ச்சுகலில் லிஸ்பனைத் தவிர வேறெந்த நகரும் இதற்கு ஈடாகாது என்றும் வியந்தார். அப்போது ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கர், விசயநகரப் பேரரசர் வேங்கடரை எதிர்த்துச் சிறைப்பட்டுத் தஞ்சை இரகுநாத நாயக்கரின் முயற்சியால் விடுதலை பெற்றவர். கீழ்க்கோட்டையின் வேங்கடரமணர் கோயிலும் நாயக்கர் காலப் பணியே. பிற்காலத்தில் இதன் கற்றூண்கள் பெயர்த்தெடுக்கப்பட்டுப் புதுச்சேரிக்குப் போயின. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ நிற்கும் வேலைப்பாடமைந்த தூண்கள் செஞ்சியிலிருந்து சென்றவை. கோட்டையைப் பார்த்தவர்கள் அவற்றையும் பார்ப்பது நல்லது. கோயிலின் வெறுமைக்குக் காரணம் அங்கே புரியும்.

பீஜப்பூர், மராத்தியர், முகலாயர்

1649இல் பீஜப்பூர்ப் படை செஞ்சியைக் கைப்பற்றியதோடு நாயக்கர் ஆட்சி முடிந்தது. 28 ஆண்டுகள் கழித்து, 1677இல், கோல்கொண்டா சுல்தானோடு உடன்படிக்கை செய்துகொண்டு தெற்கே வந்த சிவாஜி அதைப் பீஜப்பூரிடமிருந்து பெற்றார். அதே படையெடுப்பில் வேலூர்க் கோட்டை ஓராண்டுக்கு மேல் முற்றுகையைத் தாங்கியது. செஞ்சியோ பெரிய போரின்றியே கைமாறியது. அதன்பின் சிவாஜி பழைய அரண்களில் ஒரு பகுதியை இடித்துப் புதிய மதில்களையும் கொத்தளங்களையும் எழுப்பியதை அக்கால இயேசு சபைக் கடிதங்கள் குறிக்கின்றன. தலைநகர்க் கோட்டையாக இருந்ததைப் பீரங்கிப் போருக்கேற்ற அரணாக மாற்றும் வேலை இவ்வாறு விரைவு பெற்றது.

அம்முன்னேற்பாட்டின் பயன் 12 ஆண்டுகளில் தெரிந்தது. 1689இல் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றபின், அவர் தம்பி இராஜாராம் மாறுவேடத்தில் தெற்கே தப்பி வந்து செஞ்சியில் தங்கினார். மராத்திய அரசின் தலைமையிடம் சில ஆண்டுகள் தமிழ்நாட்டுக் குன்றொன்றில் இருந்தது. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனி 1690இல் விலைக்கு வாங்கியது இராஜாராமிடம்தான். புனித டேவிட் கோட்டை அவ்வாறு உருவானதே.

1690இல் முகலாயத் தளபதி சுல்பிகர் கான் தொடங்கிய முற்றுகை 1698 தொடக்கம் வரை நீண்டது. இதை இடைவிடாத முற்றுகை என்று கொள்ள முடியாது. 13 கி.மீ. சுற்றளவுள்ள கோட்டையை முழுமையாக வளைக்கப் படை போதவில்லை; உள்ளே உணவும் ஆளும் போய்க்கொண்டே இருந்தன. 1692 இறுதியில் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வந்து முற்றுகையிட்டவர்களையே முற்றுகையிட்டனர். தானியம் கிடைக்காமல் முகலாயப் பாசறை பட்டினியில் வாடியது. போதாக்குறைக்கு, ஔரங்கசீப்பின் மகன் காம் பக்ஷ் எதிரியோடு இரகசியப் பேச்சு நடத்தியதாகச் சொந்தத் தளபதிகளாலேயே சிறை வைக்கப்பட்டார். சுல்பிகர் கான் வந்தவாசிக்குப் பின்வாங்கிப் பிறகுதான் திரும்பினார். முற்றுகையில் பங்குகொண்ட பந்தேலப் படைத்தலைவன் ஒருவனிடம் பணிபுரிந்த பீம்சேன், தாம் எழுதிய நினைவுக் குறிப்புகளில் இத்துன்பங்களைப் பதிவு செய்திருக்கிறார். சுல்பிகர் கான் வேண்டுமென்றே போரை நீட்டித்தார் என்ற ஐயம் அக்காலத்திலேயே எழுந்தது. இறுதியில் கோட்டை விழுந்தபோது இராஜாராம் உள்ளே இல்லை. வேலூர் வழியாக மராத்திய நாட்டுக்குப் போய்விட்டார்.

தேசிங்கு

கோட்டை பின்னர் பந்தேலர் தலைவன் சொரூப்சிங்கின் பொறுப்பில் விடப்பட்டது. 1714இல் அவன் இறந்ததும் மகன் தேஜ்சிங் பட்டமேற்றான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மறுத்ததால் போர் மூண்டது. 1714 அக்டோபர் 3 அன்று செஞ்சிக்கு அருகே கடலியில் நடந்த போரில் அவன் வீழ்ந்தான். அப்போது வயது 22. அவன் ஆண்டது சுமார் பத்து மாதம். வட இந்தியப் படைத்தலைவனின் மகன் தமிழ்க் கதைப்பாடலில் தேசிங்கு ராஜனானான்; அவனுக்காக உயிர்விட்ட முஸ்லிம் நண்பன் மகபத் கானும் அவன் குதிரையும் கதையில் அவனுக்கு இணையான இடம் பெற்றனர். போருக்கு விடை கேட்டபோது சிங்கவரத்து அரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது ஊர்க் கதை. 1960இல் எம்.ஜி.ஆர். நடிப்பில் ‘ராஜா தேசிங்கு’ திரைப்படமாகவும் வந்தது. நூற்றாண்டுக்கு மேல் ஆண்டு நகரையே கட்டிய நாயக்கர்களுக்கு இந்தப் புகழ் வாய்க்கவில்லை.

தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறியதாகவும், அவள் நினைவாக நவாப் இராணிப்பேட்டையை அமைத்ததாகவும் மரபு. இராஜகிரி அடிவாரத்துச் செட்டிகுளக் கரையில் தேசிங்கை எரித்ததாகச் சொல்லப்படும் மேடை உள்ளது. புதுச்சேரி வாயிலுக்கு அருகே நவாப் கட்டிய பள்ளிவாசலும் காணத்தக்கது.

பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர்

1750 செப்டம்பர் 11 இரவு பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி வெடிவைத்துக் கீழ்க்கோட்டை வாயிலைத் தகர்த்து, நிலா மறைந்த இருளில் மூன்று குன்றுகளையும் ஒரே நேரத்தில் தாக்கிப் பிடித்தார். முகலாயர் ஏழாண்டு பட்ட பாட்டை ஓரிரவில் முடித்த இந்தச் செயல் ஐரோப்பியரிடையே பெரும் வியப்பை உண்டாக்கியது. ஆனால் செஞ்சியின் சூழல் வென்றவர்களைப் பழிவாங்கியது. அங்கே நூறு பேருக்கு மேல் ஐரோப்பிய வீரர்களை வைத்திராத பிரெஞ்சுக்காரர், பத்தாண்டுகளில் 1,200 பேரை நோய்க்குப் பலிகொடுத்ததாகக் கூறப்படுவதை வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆர்ம் பதிவு செய்கிறார். 1761இல் புதுச்சேரி வீழ்ந்தபின் ஏப்ரலில் கேப்டன் ஸ்டீபன் ஸ்மித்திடம் கோட்டை சரணடைந்தது. 1780இல் ஐதர் அலி அதைக் கைப்பற்றியதே கடைசிப் போர். திப்பு சுல்தான் வீழ்ந்தபின் இதைக் காக்கவோ தாக்கவோ எவருக்கும் காரணம் இல்லாமல் போயிற்று.

பணமும் உடன்படிக்கையும், நீண்ட முற்றுகையின் சோர்வும், இரவுத் தாக்குதலும், சரணாகதியும் செஞ்சியைக் கைமாற்றின. பட்டப்பகலில் இராஜகிரிப் படிகளில் நேராக ஏறி வென்றவராக எவரும் வரலாற்றில் பேசப்படவில்லை. ஏறிப் பார்ப்பவருக்கு அதன் காரணம் தானே தெரியும்.

மலையேற்றம்

இராஜகிரி சமவெளியிலிருந்து சுமார் 240 மீட்டர் உயரம். உயரம் குறைவென்று எண்ணி வருபவர்கள் பாதி வழியில் மூச்சு வாங்க உட்கார்வதை அன்றாடம் காணலாம். படிகள் சீரான உயரத்தில் இல்லை. சில முழங்கால் அளவு எழும்பி நிற்கும். தொடக்கத்தில் மரநிழல் உண்டு. கமலக்கண்ணியம்மன் கோயிலைத் தாண்டியபின் வெயில் நேராக விழும் பாறை. வாயிலுக்கு வாயில் வழி திரும்புகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் மேலே நின்றவனுக்குக் கீழே வருபவன் இலக்காவான். உச்சிக்கு முன் சுமார் 7 மீட்டர் அகலமும் 18 மீட்டர் ஆழமும் கொண்ட இயற்கைப் பிளவு ஒன்று உள்ளது. இதைக் கடக்கச் சிறு பாலம் ஒன்றே வழி. அதை எடுத்துவிட்டால் ஒரு கைப்பிடி ஆட்கள் ஒரு படையையே தடுத்து நிறுத்தலாம். உச்சியில் அரங்கநாதர் கோயில், களஞ்சியங்கள், கொடிமேடை, 7560 என்று எண் பொறித்த பீரங்கி ஆகியவை உள்ளன.

கிருஷ்ணகிரி ஏறுவது எளிது. களஞ்சியங்களும், எண்ணெய்க்கும் நெய்க்கும் வெட்டிய கல்தொட்டிகளும், குவிமாடம் கொண்ட எழிலான மண்டபமும் அங்கே காணக் கிடைக்கின்றன. சந்திரகிரியில் படிகள் சிதைந்து முள்மரம் மண்டியுள்ளதால் போவோர் குறைவு. பாறைகளையும் புதர்களையும் சார்ந்து வாழும், தென்னிந்தியாவுக்கே உரிய மஞ்சள் தொண்டைச் சின்னானைத் தேடிப் பறவை ஆர்வலர்களும் இக்குன்றுகளுக்கு வருகின்றனர்.

2025 ஜூலையில் மராத்தியரின் படைசார் நிலப்பரப்புகள் என்ற தலைப்பில் 12 கோட்டைகள் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன. அவற்றுள் மகாராட்டிரத்துக்கு வெளியே உள்ளது செஞ்சி மட்டுமே. தலைப்பு மராத்தியரைச் சுட்டினாலும் இடம் அவர்களுக்கு முந்தியவர்களுக்கும் பிந்தியவர்களுக்கும் உரியது. வழிகாட்டிப் பலகைகள் இதை மறக்கலாகாது.

கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, நுழைவுச்சீட்டு உண்டு, பிற்பகலுக்குப் பின் இராஜகிரி ஏற விடுவதில்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். இராஜகிரியைக் காலையில் வெயில் ஏறுமுன் முடித்துவிட்டு, நேரமிருந்தால் கிருஷ்ணகிரிக்குப் போகலாம். மேலே குடிநீர் கிடைக்காது. கீழிருந்தே கொண்டுபோக வேண்டும். தின்பண்டத்தைக் கையில் தூக்கிக்கொண்டு போனால் குரங்குகள் விடமாட்டா.